‘யாருக்காக’ என்ற கட்டம்

ஜனவரி 22

அண்ணி,

நலம் விசாரிக்கும் வரிகளை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். எனக்குப் பொறுமை இல்லை. மூன்று நாளாக உங்கள் போன் அணைந்து கிடக்கிறது. எதிர்வீட்டுக்குப் போட்டால், “இருக்காங்க தம்பி, ஆனா யார்கூடயும் பேச மாட்டேங்குறாங்க” என்று சொல்லி வைத்துவிட்டார்கள். அதனால்தான் தாளை எடுத்தேன். கோணல் மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ரிப்போர்ட் எழுதுகிறவன், கடிதம் எழுதுகிறவன் அல்ல.

செய்தி பார்த்தீர்கள்தானே? எங்கள் மின்நிலைய கேண்டீனில் முந்நூறு பேருக்கு ஒரே டிவி. பதவியை விட்டு இறங்கும் அன்று ஜனாதிபதி நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு மன்னிப்பு, தண்டனைக் குறைப்பு என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். வங்கியைச் சுரண்டியவன், மந்திரியின் மச்சான், போலி மருந்து விற்றவன். எங்கள் வெல்டர் சொன்னார்: “வீட்டைக் காலி பண்றவன் பழைய சாமானை எல்லாம் வாசல்ல தூக்கிப் போடற மாதிரி போடறாரு.” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் கீழே ஓடிய பட்டியலில் நம் மில் முதலாளியின் பெயர் வந்தது. பதினான்கு வருஷத் தண்டனையில் நான்கு முடிந்திருக்கிறது. மீதியைத் தள்ளிவிட்டார்களாம்.

ஒன்பது பேர், அண்ணி. நான் தினமும் சேஃப்டி வால்வைத் தொட்டுச் சம்பாதிக்கிறவன். அழுத்தம் மீறினால் தானே திறந்து நீராவியை வெளியே விடுகிற வால்வு அது. அதன் வாயில் இரும்புத் தகடு வைத்து அடைக்கச் சொன்னவன் அவன். “ஆர்டர் முடியற வரைக்கும் அடைச்சு வை, நீராவியா காசு போகுது” என்று சொன்னவன். பாய்லருக்குப் பின்சுவர், சுவருக்குப் பின்னால் அண்ணன் நின்ற சாயத்தொட்டி. அது வெடித்து ஆறு வருஷம் ஆகியும் அந்தச் சுவரின் கனம் எத்தனை அங்குலம் என்று எனக்கு மறக்கவில்லை.

ஒரே ஒரு ஆறுதல். அதே வழக்கில் உள்ளே போன நம் பாய்லர்காரர் பெயரும் பட்டியலில் இருக்கிறது. எண்பத்தேழாவது. யாரும் கவனிக்கவில்லை. நாம் அவருக்காகப் போட்ட கருணை மனு இரண்டு வருஷம் தூசியில் கிடந்து ஒருவழியாக வேலை செய்திருக்கிறது.

ஆனால் ஜனாதிபதி மாளிகைப் பேச்சாளர் என்ன சொல்கிறார் தெரியுமா? “பலியானவர்களில் ஒருவரின் குடும்பமே முதலாளிக்கு மன்னிப்பு வழங்க எழுத்தில் சம்மதித்திருக்கிறது.” ஒன்பது குடும்பத்தில் எது அந்தக் குடும்பம்? விசாரித்து எழுதுங்கள். நான் இணையத்தில் காரசாரமாக ஒரு பதிவு போட்டுவிட்டேன். “செத்தவனை இரண்டாம் தடவை கொன்ற கை எது?” என்று. இரண்டு நாளில் நாற்பதாயிரம் பேர் பகிர்ந்திருக்கிறார்கள்.

வாலு ஒழுங்காகப் படிக்கிறாளா?

உங்கள்
ஸ்பானர்

*

ஜனவரி 30

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. வாலு அதைப் பிடுங்கிக்கொண்டு உன் எழுத்தைப் பார்த்து, “சித்தப்பா ஏன் ஒவ்வொரு எழுத்தையும் பெட்டிக்குள்ள வெச்ச மாதிரி எழுதறாரு?” என்று கேட்டாள். உன் அண்ணனும் அதைத்தான் சொல்வார். ஸ்பானர் என்று பெயர் வைத்தவர் ஆயிற்றே.

நீ சாப்பிடுகிறாயா? கேண்டீனில் டிவி பார்த்துக்கொண்டே எழுந்துவிடாதே.

இங்கே தெருமுனையில் டயர் எரித்தார்கள். மூன்று நாள் புகை. எங்கள் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் காயப்போட்ட விரிப்பெல்லாம் கரி படிந்து மறுபடி துவைத்தோம். டிவியில் எட்டுப் பேர் எட்டுக் கட்டத்துக்குள் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் திட்டுகிறார்கள். மருந்துக் கடையில், பஸ்ஸில், தண்ணீர்க் குழாயடியில் எல்லாம் இதே பேச்சு. ஆளுக்கு ஒரு தீர்ப்பு. எனக்குக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது, தம்பி.

போனை நான்தான் அணைத்து வைத்தேன். எப்படியோ என் பெயர் கசிந்து, தெரியாத ஆட்கள் கூப்பிட்டுத் திட்டுகிறார்கள். ஒரு பெண், குரல் சின்னப் பெண் மாதிரி இருந்தது, நிதானமாக என்னென்னவோ சொன்னாள். கேட்டு முடிக்கும் வரை வைக்கத் தோன்றவில்லை. ஏனோ தெரியவில்லை.

நீ போட்ட அந்தப் பதிவை எடுத்துவிடு. காரணம் கேட்பாய். பத்திரிகைக்காரன் ஒருவன் வந்து ஒரு தாளைக் காட்டிவிட்டுப் போனான். நாளைக்குப் பத்திரிகையில் எப்படியும் வரப்போகிறது, யாரோ சொல்லி நீ அறிவதைவிட நானே சொல்கிறேன்.

அந்தக் கை என் கை.

வேறு ஒன்றும் இப்போது எழுத முடியவில்லை. இருமல் இருந்ததே, போய்விட்டதா?

அண்ணி

*

பிப்ரவரி 6

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்துக்கு ஒரு நாள் முன்னாலேயே பத்திரிகை வந்துவிட்டது. உங்கள் கையெழுத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். வெல்டர் பக்கத்தை மடித்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார். இங்கே வாய் ஓயாத ஒரே ஆள் அவர்.

நேராகக் கேட்கிறேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. பாய்லர்காரருக்கு நாம் கொடுத்த மனு எனக்குத் தெரியும். படிவத்தை நிரப்பியவன் நான். நீங்கள் கையெழுத்து மட்டும் போட்டீர்கள். இது வேறு ஒன்று. எப்போது போட்டீர்கள்? யார் கொண்டுவந்தார்கள்? என்ன சொல்லி வாங்கினார்கள்? எதையாவது கொடுத்தார்களா? கேட்க எனக்கே அசிங்கமாக இருக்கிறது, ஆனால் இங்கே எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள்.

பாய்லர்காரரை நான் மன்னித்தேன். தகட்டை வைத்தது அவர் கைதான். ஆனால் வால்வு கசிகிறது என்று மூன்று தடவை பதிவேட்டில் எழுதியவரும் அவர்தான். வெடித்த பிறகு உள்ளே ஓடி நான்கு பேரை இழுத்து வந்ததில் கை இரண்டும் வெந்துபோனவர். அவருக்கும் முதலாளிக்கும் ஒரே தண்டனை கொடுத்தது அநியாயம். அதனால் மனு. அது கணக்காக இருந்தது, சரியாக இருந்தது. இதில் என்ன கணக்கு இருக்கிறது?

அண்ணனைப் பெட்டியோடு மூடித்தான் கொடுத்தார்கள். திறக்க வேண்டாம் என்றார்கள். அன்றைக்கு நீங்கள் என்னிடம் என்ன சொன்னீர்கள்? “இவனை விட்டுடாதே தம்பி.” இன்றைக்கு யார் விட்டது?

அந்தத் தாளின் நகல் உங்களிடம் இருக்கும். அனுப்பி வையுங்கள். பதிவை நான் எடுக்கவில்லை.

இப்படிக்கு,
கொழுந்தன்

*

பிப்ரவரி 15

தம்பிக்கு,

நகலைத் தேடினேன். கிடைக்கவில்லை. வீடு மாற்றியபோது எங்கோ போயிருக்கும்.

யாரும் எதையும் கொடுக்கவில்லை. நான் வாங்கவும் இல்லை. இதை உனக்கு எழுத வேண்டியிருக்கிறதே என்றுதான் அலுப்பாக இருக்கிறது. கோபம் இல்லை. கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டும்.

டயர் எரித்தவர்கள் இப்போது இல்லை. டிவியில் வேறு ஏதோ ஊழலாம், அதைப் பேசுகிறார்கள். உன் நாற்பதாயிரம் பேரும் அங்கே போயிருப்பார்கள். தெரு மட்டும் மறக்கவில்லை. குழாயடியில் நான் குடத்தை வைத்தால் பக்கத்துக் குடங்கள் நகர்கின்றன. வாலுவின் வகுப்பில் ஒருத்தி, “உங்க அப்பாவை வித்துட்டீங்களாமே” என்று கேட்டிருக்கிறாள். இவள், “எங்கப்பா செத்துட்டாரு, எப்படி விக்க முடியும்?” என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். வந்து என்னிடமும் கேட்டாள். முடியாது என்றேன்.

மற்ற எட்டுக் குடும்பமும் சேர்ந்து மன்னிப்பை ரத்துசெய்ய வழக்குப் போட்டிருக்கிறார்கள். சாயக்காரர்தான் முன்னால் நிற்கிறார். ஞாபகம் இருக்கிறதா, மனைவியைப் பறிகொடுத்தவர், உன் அண்ணனுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர். போன வாரம் வாசலில் நின்றபடியே பேசினார். “நீ ஏம்மா போட்டே? ஒரு வார்த்தை எங்ககிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?” என்றார். உள்ளே வாங்க என்றேன். “வேணாம், செருப்பைக் கழட்டினா உக்காரத் தோணும்” என்று போய்விட்டார். திட்டியிருக்கலாம்.

பாய்லர்காரர் வெளியே வந்துவிட்டார். வீட்டுக்கு வந்தார். பாதித் தாடி நரைத்திருக்கிறது. சட்டைப் பொத்தானை அவருடைய மகள் போட்டுவிடுகிறாள். விரல் மடங்குவதில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் போகும்போது யாரோ கல் எறிந்தார்கள். அவருக்கா எனக்கா தெரியவில்லை, பூந்தொட்டி உடைந்தது.

நீ இப்போது வர வேண்டாம். அங்கேயே இரு. வேலையைப் பார்.

அண்ணி

*

பிப்ரவரி 24

அண்ணி,

உங்களிடம் கிடைக்காத நகல் எனக்குக் கிடைத்துவிட்டது. எட்டுக் குடும்பத்தின் வக்கீல் முழுத் தாளையும் அனுப்பி, “இது உங்கள் அண்ணியின் கையெழுத்துத்தானா?” என்று கேட்டிருந்தார். கையெழுத்தை நான் பார்க்கவே இல்லை. மேலே இருந்த எழுத்தைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் பெட்டிக்குள் வைத்த மாதிரி.

வேறு மனு எதுவும் இல்லை. இருந்தது ஒன்றுதான். நான் நிரப்பியது.

இதை நான் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, ரிப்போர்ட் மாதிரியே எழுதிவிடுகிறேன். படிவத்தில் ‘யாருக்காக’ என்று ஒரு கட்டம். அதற்குக் கீழே ‘பெயர் அல்லது எண்’. நான் எண்ணை எழுதினேன். வழக்கு எண் 417. எங்கள் வேலையில் பெயரை யாரும் நம்புவதில்லை. இரண்டாயிரம் வால்வு இருக்கிறது. ‘வடக்கு வால்வு’ என்று ஒருவன் சொன்னால் நாலு பேர் நாலு வால்வைத் திறப்பார்கள். அதனால் ஒவ்வொன்றிலும் ஒரு தகரப் பட்டை, அதில் ஓர் எண். ஓர் எண்ணுக்கு ஒரு வால்வு. படித்த நாளிலிருந்து கை அப்படித்தான் ஓடுகிறது. ஆனால் வழக்கு எண்ணுக்குக் கீழே இரண்டு பேர் இருந்தார்கள். பாய்லர்காரர், முதலாளி. எழுதியிருக்க வேண்டியது பாய்லர்காரரின் கைதி எண். நான் 417 என்று எழுதி, மீதி இடத்தைக் கோடு போட்டு மூடியும் வைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அதை நினைத்தால்தான் வேலை ஓடவில்லை. அன்றைக்கு அரசு அலுவலக வராந்தாவில் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் கேட்டீர்கள்:

“தம்பி, பேரு போட வேணாமா?”

“பேருன்னா ஆயிரம் பேருக்கு இருக்கும் அண்ணி. நம்பர்தான் சரி. போடுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

போட்டீர்கள். பஸ்ஸும் கிடைத்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன்.

பத்திரிகைக்காரன் தாளைக் காட்டியபோதே உங்களுக்குத் தெரிந்திருக்கும். என் எழுத்தை வாலுவே அடையாளம் சொல்கிறாள். தெரிந்துதான் நகல் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். “எதையாவது கொடுத்தார்களா” என்று நான் கேட்ட பிறகும் சொல்லவில்லை. ஏன் அண்ணி? என்னைத் திட்டியிருக்கலாமே. நான் திட்டினேனே.

பதிவை எடுத்துவிட்டேன். அது போதாது. விடுப்பு கேட்டிருக்கிறேன், மார்ச் பத்தாம் தேதி விசாரணைக்கு வருகிறேன். நீதிமன்றத்தில் எல்லார் முன்னாலும் சொல்கிறேன்: அண்ணி யாரையும் மன்னிக்கவில்லை, பிழை என்னுடையது, நாங்கள் கேட்டது பாய்லர்காரருக்கு மட்டும். அதற்குப் பிறகு எவன் குடத்தை நகர்த்துகிறான் என்று பார்ப்போம்.

உங்கள்
(பழைய பெயரைப் போட்டுக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது)

*

மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

கூச்சப்படாதே. நீ பிழை செய்தாய், நான் படிக்காமல் போட்டேன். இரண்டையும் கூட்டினால் ஒரு கையெழுத்து. அதை ஏன் இப்போது கத்தரித்துப் பங்கு போட வேண்டும்?

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். நீ வந்தால் என்ன செய்வாய் என்று தெரியும், அதனால்தான். நீ எதையும் உடனே சரிசெய்யப் பார்ப்பவன். உன் அண்ணன், “இவன் கையில சாமானைக் கொடுத்தா பழுதில்லாததையும் கழட்டிடுவான்” என்பார்.

இதைப் பொறுமையாகப் படி. எட்டுக் குடும்பத்து வக்கீலிடம் நானே போய்க் கேட்டேன். எங்கள் வழக்கில் இருவருக்கும் போட்ட உத்தரவு ஒன்றுதானாம். அதற்கு அடியில் முட்டுக்கொடுத்திருப்பது நம் சம்மதத் தாள் ஒன்றுதானாம். தாள் செல்லாது என்றால் உத்தரவு முழுசாக விழும். “பாய்லர்காரருக்கு அப்புறமா தனியா மனு போட்டுக்கலாம்மா” என்றார் வக்கீல். நல்ல மனிதர்தான். ஆனால் புது ஜனாதிபதி ஜெயித்ததே, இனி ஒருத்தனுக்கும் மன்னிப்பு கிடையாது என்று மேடைக்கு மேடை கத்தித்தானே. இந்த மாதிரிக் கோபம்தான் அவருக்கு ஓட்டுப் போட்டது. பாய்லர்காரருக்கு இன்னும் பத்து வருஷம் பாக்கி. உள்ளேதான் முடியும்.

முதலாளி மறுபடி உள்ளே போவானே என்பாய். இதை உனக்குச் சொல்லாமலே வைத்திருந்தேன். அவன் நான்கு வருஷத்தில் மூன்று வருஷம் எங்கே இருந்தான் தெரியுமா? எங்கள் ஆஸ்பத்திரியில். மேல்மாடி, தனி அறை, நெஞ்சுவலி என்று. அந்த அறை விரிப்பு மட்டும் பச்சை ஓரம் போட்டது, தனிக் கூடையில் வரும். மூன்று வருஷம் அதை நான்தான் துவைத்து, நீராவிப் பெட்டி போட்டு, மடித்து அனுப்பினேன். முதல் நாள் கூடையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். அப்புறம் துவைத்தேன். விரிப்பு என்ன செய்யும்?

அவன் போனாலும் அந்த அறைக்குத்தான் போவான். பாய்லர்காரர் போனால் ஜெயிலுக்குப் போவார். இதுதான் வித்தியாசம்.

என்னைக் கோர்ட்டில் முன்னாலேயே கூப்பிட்டு விசாரித்துவிட்டார்கள். “படித்துப் பார்த்துத்தான் போட்டேன்” என்று சொல்லிவிட்டேன். இருவருக்கும் என்று தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்றேன். சாயக்காரர் பக்கம் நான் திரும்பவில்லை.

படிவத்தை நிரப்பியவன் என்று உன்னையும் கூப்பிடுவார்கள். என்ன சொல்ல வேண்டும் என்று நான் உனக்குச் சொல்ல மாட்டேன். உண்மையைச் சொன்னால் உன் மேல் எனக்கு வருத்தம் இருக்காது. ஆனால் ஒன்று. எனக்கு நல்ல பேர் வாங்கிக் கொடுப்பதற்காகச் சொல்லாதே. அது இல்லாமல் ஒரு மாதம் இருந்து பார்த்துவிட்டேன். குடத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தாலும் தண்ணீர் நிறைகிறது.

அண்ணி

*

மார்ச் 11

அண்ணி,

நேற்று விசாரணை. நீங்கள் வர மாட்டீர்கள் என்று தெரிந்தும் வாசலைப் பார்த்தேன். வீட்டுக்கு வராமல் நேரே ரயிலேறிவிட்டேன். ரயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து பெட்டியை விட்டு வெளியே வருகிறது.

வக்கீல் தாளைக் காட்டினார். “இது உங்கள் எழுத்தா?” ஆம். “417 என்பது இருவருக்கும் பொதுவான எண் என்று அப்போது உங்களுக்குத் தெரியுமா?” அவர் முகத்தைப் பார்த்தால், நான் ‘தெரியாது’ என்பேன் என்று நம்பிக்கொண்டிருப்பது தெரிந்தது. சாயக்காரர் முன் பெஞ்சில் இருந்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ‘சொல்லுடா’ என்கிற மாதிரி.

வேலைக்குச் சேர்ந்து ஏழு வருஷம் ஆகிறது. ஒரு வால்வைக்கூடப் பார்க்காமல் ‘சரி’ என்று நான் எழுதியதில்லை. ஒரு தடவை மேலதிகாரியோடு சண்டை போட்டு, சம்பள உயர்வு போயும், எழுதவில்லை. அதுதான் என்னிடம் இருந்த ஒரே சொத்து.

“தெரியும்” என்றேன். “எண் சரியாகத்தான் போட்டேன்.”

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: “சொந்த அண்ணனைக் கொன்ற முதலாளிக்கும் சேர்த்தா?”

“ஆமாங்க. சேர்த்துத்தான்.”

அவ்வளவுதான். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. மதியம் வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

வெளியே முதலாளியின் வக்கீல் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். “பெரிய மனசு தம்பி உங்க குடும்பத்துக்கு” என்றார். கை கழுவ வராந்தாவில் குழாய் இருந்தது, தண்ணீர் வரவில்லை. சாயக்காரர் படியில் உட்கார்ந்திருந்தார். தாண்டித்தான் போக வேண்டும். தலையைத் தூக்காமலே சொன்னார்: “உங்க அண்ணன் போனது நல்லதுடா. இதைப் பாக்காம போனான்.” ஐயா என்று வாயெடுத்தேன். கையைக் காட்டிவிட்டார், போ என்று.

அவரிடம் சொல்லிவிடலாமா என்று ஸ்டேஷன் வரை யோசித்தேன். சொன்னால் அவர் சும்மா இருக்க மாட்டார், இருக்கவும் கூடாது. அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. அதனால் அவருக்கும் சேர்த்து நான் பொய்யனாகவே இருந்துவிட வேண்டியதுதான்.

ரயிலில் ஏறியதும் இணையத்தில் ஒரு வரி போட்டேன்: “417-ஐ எழுதியது நான். அண்ணியிடம் கையெழுத்து வாங்கியதும் நான். கேட்க வேண்டியதை என்னிடம் கேளுங்கள்.” கீழே என் போன் எண். கேட்கிறார்கள். இதை எழுதும் நேரத்துக்குள் முப்பத்தொரு அழைப்பு. அந்தச் சின்னக் குரல் பெண்ணும் கூப்பிட்டாள் என்று நினைக்கிறேன். நிதானமாகத்தான் பேசுகிறாள். நானும் முடியும் வரை வைக்கவில்லை.

கேண்டீனில் இனி வெல்டர் என் பக்கத்தில் உட்கார மாட்டார். பரவாயில்லை, அவர் சத்தமாகச் சாப்பிடுகிறவர்.

நான் செய்தது சரியா என்று நீங்கள் சொல்ல வேண்டாம். எனக்கே தெரியவில்லை. வாலுவிடம் மட்டும் ஒரு நாள், அவள் பெரியவளானதும், தாளைக் காட்டிச் சொல்லுங்கள்.

ஸ்பானர்

*

மார்ச் 23

அன்புள்ள தம்பிக்கு,

நீ பொய் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. நான் சொன்ன பொய்யும் பிடிக்கவில்லை. நம் வீட்டில் யாரும் இதில் கெட்டிக்காரர்கள் இல்லை. உன் அண்ணன் பொய் சொன்னால் காது சிவந்துவிடும். உனக்கும் சிவந்திருக்கும், நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டதால் தெரியவில்லை போல.

ஊர் வாய் இப்போது உன்னை மெல்லுகிறது. “பாவம், அவளைக் கொழுந்தன்தான் ஏமாத்திப் போட வெச்சிருக்கான்” என்கிறார்கள். பக்கத்துக் குடம் ஒன்று நேற்று என் குடத்தோடு உரசி நின்றது. எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில் இல்லை. குடத்தை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் வைத்தேன். உன்னைத் திட்டுகிறவர்களோடு நான் எப்படிச் சேர்ந்து தண்ணீர் பிடிப்பது?

பாய்லர்காரருக்கு வேலை கிடைத்திருக்கிறது. எங்கள் ஆஸ்பத்திரியில் ஒப்பந்தக்காரரிடம் துணி வண்டி தள்ளுகிறார். உள்ளங்கையால் தள்ளலாம், விரல் வேண்டியதில்லை. சலவைப் பிரிவில் இஸ்திரிப் பெட்டிக்கு நீராவி தருகிற சின்னப் பாய்லர் ஒன்று இருக்கிறதே, வந்த முதல் நாள் அதைச் சுற்றிக்கொண்டு போனார். இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் வண்டியை நிறுத்திவிட்டு நேரே போய், மணிக்கட்டைக் கொடுத்து சேஃப்டி வால்வின் நெம்புகோலைத் தூக்கினார். புஸ்ஸென்று நீராவி வந்தது. எல்லாரும் பதறிப் போனோம். சூப்பர்வைசர் ஓடி வந்து, “யாரைக் கேட்டுத் தொட்டே? நீராவி வீணாகுதுல்ல?” என்று கத்தினார்.

“வீணாகட்டும் சார்,” என்றார். “திறக்குதான்னு பாத்தேன்.”

அன்றிலிருந்து தினமும் காலையில் வந்ததும் அதைத்தான் முதலில் செய்கிறார். சூப்பர்வைசரும் தினமும் கத்துகிறார். எங்களுக்கு மணி அடித்த மாதிரி ஆகிவிட்டது. அந்தச் சத்தம் கேட்டால்தான் சேலையைச் செருகிக்கொண்டு வேலையைத் தொடங்குகிறோம். நீ செய்தது சரியா என்று எனக்கும் தெரியாது. இதை மட்டும் எழுதத் தோன்றியது.

பச்சை ஓர விரிப்பு இப்போது வருவதில்லை. அறையில் வேறு யாரோ.

விடுப்பு கிடைத்தால் வா. தெருவில் யாரும் பேச மாட்டார்கள், பழகிவிடும். சாயக்காரர் வீட்டு வழியாக வராதே, பின்பக்கமாக வா. அவர் மனசு ஆற வேண்டாம் என்றுதான் நானும் நினைக்கிறேன். யாராவது ஒருத்தர் ஆறாமல் இருக்க வேண்டும்.

போனைப் போட்டுவிட்டேன். நான்கு நாளாகிறது, ஒருத்தரும் கூப்பிடவில்லை. உனக்கு வருகிற அழைப்புக்கு நடுவே நேரம் கிடைத்தால் நீ கூப்பிடு.

அண்ணி